மணிக்கட்டா, கட்டைவிரலா?

"இதுல எதை அலம்பி வைக்கணும்?" என்று வைதேகி கேட்டாள்.

சாப்பாட்டு மேசையில், சாத்தமுதுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பொருள்கள் கிடந்தன. ஒன்றில் தோல் பட்டையும் பக்கிளும் இருந்தன. அதன் நுனியில் சின்னஞ்சிறு இடுக்கி. கைக்கடிகாரத்துக்கும் குறட்டுக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருந்தது. மற்றது உள்ளங்கையில் அடங்கும் பித்தளைத் துண்டு. விரல்கள் பிடிக்க மூன்று வளைவு, கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்.

"தொடாதே. ரெண்டும் கீத் கொடுத்தது," என்றார் சடகோபன்.

"எலுமிச்சம்பழம் பிழியறதுக்கா?"

"வில்லுக்கு. நாணை வெறும் விரலால இழுத்தா விரலும் நோகும், அம்பும் கோணும். அதனால இது நாணைக் கவ்விக்கும். இதை மணிக்கட்டுல கட்டிண்டு ஆள்காட்டி விரலால தட்டினா அம்பு போயிடும். அதைக் கைக்குள்ள பிடிச்சுண்டு கட்டைவிரலால அமுக்கணும். பேரு ரிலீஸ். எனக்கு எது வேணும்னு திங்கட்கிழமை சொல்லணும். வேண்டாததைக் கடையில திருப்பிக் கொடுத்துடுவார்."

"எதுக்கு?"

"எது எதுக்கு?"

"வில்லு எதுக்கு?"

சடகோபன் சாதத்தைக் கொஞ்ச நேரம் பிசைந்தார். "முயல்," என்றார்.

வைதேகி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "கத்தரிக்காயில புழு இருந்தா, அதை இலையோட கொண்டுபோய்த் தோட்டத்துல விட்டுட்டு வந்து கை அலம்பற மனுஷன் நீங்க."

"தெரியும்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"கீத்கிட்டயா?"

வைதேகி அவர் தட்டில் இன்னொரு கரண்டி சாத்தமுது விட்டாள்.

ஒன்றேகால் வருடத்துக்கு முன், குளிர்காலத்தின் நடுவில், இரண்டு பெட்டிகளும் ஓர் இட்லிப் பாத்திரமுமாக அவர்கள் இந்தப் புது நாட்டில், டல்லமரீன் விமான நிலையத்தில் இறங்கியபோது, பெயர் எழுதிய அட்டையுடன் நின்றவர் கீத். சடகோபன் வேலைக்குச் சேர வந்த தொழிற்சாலையின் மேலாளர். நூல் புடவையில் நடுங்கிக்கொண்டிருந்த வைதேகிக்கு முதலில் தன் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தன் பெயரைச் சொன்னார். மூன்று வீட்டுக்காரர்கள் இவர்கள் முகத்தைப் பார்த்ததும் "இப்போதான் வேறு ஆளுக்குக் கொடுத்தோம்" என்றார்கள். நாலாவது வீட்டுக்குக் கீத் கூடவே வந்து, சாவி கைக்கு வரும்வரை வாசலைவிட்டு நகரவில்லை. மல்கிரேவில் அவர்கள் இப்போது குடியிருப்பது அந்த வீட்டில்தான். வைதேகிக்குக் குடல்வால் அறுவை நடந்தபோது, கீத்தின் மனைவி டோரீன் எங்கேயோ விசாரித்துத் தயிர்சாதம் செய்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தாள். என்ன நினைத்தாளோ, மேலே உலர்ந்த திராட்சை தூவியிருந்தாள். வைதேகி ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.

இவ்வளவையும் செய்துவிட்டுக் கீத் பதிலுக்கு எதுவும் கேட்டதில்லை. வில்தான் முதல்தடவை.

அது தொடங்கியது தொழிற்சாலையில், சடகோபனின் வரைபலகையில்தான். பலகையின் ஓரத்தில் அவர் ஒரு கோதண்டராமர் படம் ஒட்டி வைத்திருந்தார். ஒருநாள் கீத் வந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"யாரு சாடி இது?" சடகோபன் என்ற பெயரை அவர் முதல் வாரத்திலேயே சாடி ஆக்கிவிட்டிருந்தார். ஊறுகாய் போடுகிற சாமான் அது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா இருக்கிறவர்," என்றார் சடகோபன். அலுவலக நேரத்தில் ஆன்மிகம் பேசத் தயக்கம்.

"கையில வில். நல்லா எய்வாரா?"

"குறி தப்பினதே இல்லை."

கீத் மெதுவாகத் தலையை ஆட்டினார். "நீ இதுவரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்லையே மேட்," என்று சொல்லிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் கழித்து வந்து, டான்டினாங் பக்கம் ஒரு வில் கிளப் இருக்கிறது, சேர்ந்து போகலாம், பழகியதும் வேட்டைக்கே போகலாம் என்றார். அவர் கண்ணில் இருந்த ஆவலைப் பார்த்தபோது சடகோபனுக்கு எல்லாம் விளங்கியது. கீத் வீட்டு வரவேற்பறைச் சுவரில் பெரிய மான் தலை ஒன்று மாட்டியிருக்கிறது. மனுஷர் பழுத்த வேட்டைக்காரர். வயதான காலத்தில் துணை தேடுகிறார். ராமர் படத்தைப் பார்த்துச் சடகோபனையும் அந்த இனம் என்று நினைத்துவிட்டார்.

"நான் மாமிசம் சாப்பிடறதில்லையே கீத்," என்று ஆரம்பித்துப் பார்த்தார்.

"சாப்பிட வேண்டாம் மேட். பக்கத்து வீட்டு நாய் இருக்கு."

அதற்குமேல் சொல்ல வாய் வரவில்லை. இப்போது மேசைமேல் இரண்டு ரிலீஸ் வந்து உட்கார்ந்துவிட்டன.

"என் பேரு வைதேகி," என்றாள் அவர் மனைவி, பாத்திரங்களை எடுத்துக்கொண்டே. "காடு, வில், மான், இந்த மூணும் எங்க குடும்பத்துக்கு ஆகாது. சொல்லிட்டேன்."

திங்கட்கிழமை தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் வரதராஜாவிடம் யோசனை கேட்டார். வரதராஜா யாழ்ப்பாணத்துக்காரர், கடைசல் பிரிவில் ஃபிட்டர். அந்தத் தொழிற்சாலையில் தமிழில் பேச வேறு ஆள் கிடையாது.

"கீத் உமக்கு என்ன சொன்னவர்? சொல்லும், அப்பிடியே சொல்லும்."

"ரிலீஸ் கைக்குச் சரியா அமையாம காட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாதுன்னார். பாதுகாப்பு முக்கியமாம்."

"பிறகென்ன? அமையாமல் பாத்துக்கொள்ளும்!" வரதராஜா சான்ட்விச்சைக் கீழே வைத்தார். "இண்டைக்கு மணிக்கட்டு சரியில்லை எண்டு சொல்லும். அடுத்த கிழமை பெருவிரல் சரியில்லை எண்டு சொல்லும். எது நல்லது எண்டு தெரியாத மனிசனை ஆர் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போறது?"

சடகோபனுக்கு அது பிடித்துப்போயிற்று. பொய்யும் இல்லை, மறுப்பும் இல்லை. வெறும் யோசனைதான்.

"மணிக்கட்டுப் பட்டை எனக்குப் பெரிசா இருக்கு கீத். சுத்தறது," என்றார் அன்று மாலை.

கீத்துக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கீத்தோ அவர் தோளைத் தட்டினார். "சரியாச் சொன்ன மேட். அவசரமே கிடையாது. சந்தேகம் இருந்தா போகவே கூடாது." அப்புறம் பட்டையை வாங்கிப்போய், அடுத்த வாரம் புதிதாக ஒரு துளை போட்டுக் கொண்டுவந்தார்.

சடகோபன் கட்டைவிரல் ரிலீஸுக்குத் தாவினார். காலைக் குளிரில் பித்தளை சில்லிடுகிறது, விரல் மரத்துப்போகிறது என்றார். கீத் அதற்குக் கம்பளித் துணியில் உறை தைத்துவந்தார். உறை வழுக்கியது. சொரசொரப்பான டேப் சுற்றினார். டேப் தடித்துவிட்டது. பொத்தானையே உயர்த்திப் புதிதாகக் கடைந்து தரச் சொல்லி வரதராஜாவிடம் வேலை கொடுத்தார்.

"நீர் குறை சொல்ல, நான் கடைய, நல்லா இருக்கு இந்த உத்தி," என்றார் வரதராஜா.

இப்படியே ஒரு கோடைகாலம் ஓடியது. ஒவ்வொரு குறையையும் கீத் கேட்டுக்கொண்ட விதம் சடகோபனை உருக்கியது. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இவ்வளவு பொறுமையான வேட்டைக்காரர் உலகத்தில் உண்டா? ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனால், மான் தலையின் கண்களை மறைத்து ஒரு கிரிக்கெட் தொப்பி கவிழ்த்திருக்கும். "முறைக்குது," என்பார் கீத். தான் கொன்ற மிருகத்தைக்கூட மரியாதையாக நடத்துகிறவர் என்று சடகோபன் வைதேகியிடம் வியந்து சொன்னார்.

குறைகள் தீர்ந்துபோகும் நிலை வந்தது. அப்போதுதான் சடகோபன் தன் வாழ்க்கையின் பெரிய தவறைச் செய்தார். தொழில்முறையில் தாமதப்படுத்தலாம் என்று நினைத்து, இரண்டு ரிலீஸ்களையும் கழற்றி, அளந்து, வரைந்து, விசைகளைக் கணக்கிட்டு, பத்துத் தாளில் ஓர் ஒப்பீடு தயாரித்துக் கீத்திடம் கொடுத்தார். முடிவு: 'மேலும் ஆராயப்பட வேண்டும்.'

கீத் அதைப் பெருமையாகக் கிளப்பில் காட்டிவிட்டார்.

கிளப்பின் செயலாளர் நார்ம் என்பவர், வெரிபீக்கு அப்பால் முட்டைக்கோஸ் பயிரிடுகிற விவசாயி. அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "ஐயா, நாங்க இத்தனை வருஷமா குருட்டாம்போக்குல எய்றோம். நீங்க வந்து பேசியே ஆகணும்."

சடகோபன் போய்ப் பேசினார். மணிக்கட்டில் கட்டினால் இழுக்கும் பாரம் முன்கைக்குப் போகிறது, விரல் களைக்காது. ஆனால் ஆள்காட்டி விரல் அவசரக்காரன், நினைப்பதற்கு முன்பே தட்டிவிடும். கட்டைவிரல் நிதானஸ்தன், ஆனால் கைப்பிடி வேர்வையில் நழுவிக் கீழே விழக்கூடும். இதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் கூட்டம் மணிக்கட்டுக் கட்சி, கட்டைவிரல் கட்சி என்று இரண்டாகிவிட்டது. ஒரு கழகம் பிளப்பதைச் சடகோபன் ஊரிலேயே பார்த்திருந்தார். தன் பேச்சால் பிளந்தது இதுதான் முதல்தடவை.

"எய்து காட்டச் சொல்லுங்க!" என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

மணிக்கட்டில் பட்டையைக் கட்டி, கையில் வில்லைக் கொடுத்து நிறுத்தினார்கள். கீத்தோடு ரிலீஸைச் சோதித்தபோது பழகியிருந்த அளவுக்கு நாணைத் தாடைவரை இழுத்தார். "இங்கே கவனியுங்கள், இந்த இடத்தில்தான் ஆபத்து," என்று ஆள்காட்டி விரலை அசைத்துக் காட்டினார்.

அம்பு போய்விட்டது. மறுமுனையில், இலக்கின் நட்டநடு மஞ்சளில், தைத்து நடுங்கிக்கொண்டிருந்தது.

அரங்கம் எழுந்து நின்றது. கீத்தின் முகம் மட்டும் வெளுத்துப்போயிருந்தது. பாவம், பொறாமையாக இருக்கும் என்று சடகோபன் நினைத்தார். எத்தனை வருஷத்து வேட்டைக்காரர்!

"குறி தப்பாத பரம்பரைன்னு கீத் சொன்னபோது நான் நம்பலை," என்றார் நார்ம், சடகோபனின் கையைக் குலுக்கி, விடாமல். "என் முட்டைக்கோஸ் பூராவையும் முயல் தின்னுட்டிருக்கு. வர்ற சனிக்கிழமை காலையில நீங்களும் கீத்தும் வர்றீங்க. முதல் முயல் உங்களோடது."

வீட்டில் வைதேகி கேட்டாள்: "ஏன்னா, நடுவுல போய் அடிச்சேள்?"

"நான் எங்கே அடிச்சேன்? சுட்டிக் காட்டினேன்."

வரதராஜா மறுநாள் கொஞ்சநேரம் தலையைச் சொறிந்தார். "இனி ஒரு வழிதான் இருக்கு. பெருவிரலை எடும்."

"ஏன்?"

"நீர்தானே எழுதினீர்? கட்டினது விழாது, பிடிச்சது விழும். புல்லுப் பத்தைக்குள்ளை நழுவ விட்டிட்டு, ஐயோ எண்டு நில்லும். ரிலீஸ் இல்லாமல் எய்யேலாது. முடிஞ்சுது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்டு. தற்செயலா முயலிலை பட்டிட்டுதெண்டால் எறிஞ்சுபோடாதையும். என்ரை மனிசி யோகா நல்ல பிரட்டல் கறி வைப்பா."

இப்படியாக, ஒரு கோடைகாலம் முழுக்க எடுக்க முடியாத முடிவைச் சடகோபன் ஒரு நொடியில் எடுத்தார். "கட்டைவிரல்தான்," என்று கீத்திடம் சொன்னார்.

"நிச்சயமா மேட்? இன்னும் கொஞ்சம் யோசிக்கறயா?"

"நிச்சயம்."

கீத் ஏனோ பெருமூச்சு விட்டார்.

சனிக்கிழமை விடியும்போதே கீத்தின் கிங்ஸ்வுட் கார் வந்து நின்றது. டோரீனும் வந்திருந்தாள். வைதேகி புளியோதரைத் தூக்கோடு ஏறிக்கொண்டாள். முயல் சாகும் என்றால் தான் சாகும்வரை பட்டினி என்று சொல்லியிருந்தவள், இவர்களுக்குப் பசிக்குமே என்று செய்துவிட்டாள்.

"இந்த வாரம் பூரா கீத் குளியலறையில தும்மிக்கிட்டே இருக்கார். ஆனா ஜலதோஷம் இல்லை," என்றாள் டோரீன்.

"புல் தூசி," என்றார் கீத், சாலையையே பார்த்தபடி.

பண்ணையில், சைப்ரஸ் மரவரிசைக்குக் கீழே பழைய பழப்பெட்டிகளை அடுக்கி நார்ம் ஒரு மறைவிடம் கட்டியிருந்தார். பெண்கள் இருவரும் கொட்டகைப் பக்கம் தேநீர்க் குடுவையுடன் உட்கார்ந்துகொண்டார்கள். கீத்தின் காரிலிருந்து ஜாக் எடுத்துக்கொள்ளலாமா, தன் டிரெய்லருக்கு வேண்டும் என்று கேட்டுப் போன நார்ம் இன்னும் திரும்பவில்லை. சடகோபனும் கீத்தும் மட்டும் முழங்காலிட்டிருந்தார்கள். எதிரே வரிசை வரிசையாக முட்டைக்கோஸ், அதன்மேல் மூடுபனி.

சடகோபனுடைய முழங்காலுக்குப் பக்கத்திலேயே ஒரு முயல்வளை வாய் திறந்திருந்தது. பெருமாள் காட்டிய வழி. கையைத் தளர்த்தினார். பித்தளைத் துண்டு வளைக்குள் உருண்டு போகும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

"ஐயோ," என்றார், வரதராஜா சொல்லிக்கொடுத்தபடியே.

"போயிடுச்சா?" கீத் எழுந்தே விட்டார். "அடடா. என்ன துரதிர்ஷ்டம். வேற வழியில்லை மேட், தேநீர் குடிக்கப் போகலாம்."

"உட்காருங்க, உட்காருங்க!" நார்ம் குனிந்தபடி ஓடிவந்தார். "உங்க அதிர்ஷ்டம். ஜாக் எடுக்கப் போனேனா, ஸ்பேர் டயருக்கு அடியில, துணியில சுத்தி இது கிடந்தது." அவர் கையில் மணிக்கட்டு ரிலீஸ்.

"அது எப்படி அங்கே போச்சு?" என்றார் கீத், யார் முகத்தையும் பாராமல்.

நார்மே அதைச் சடகோபனின் கையில் கட்டிவிட்டார். கீத் புதிதாகப் போட்டுக் கொடுத்த துளையில் பக்கிள் கச்சிதமாக உட்கார்ந்தது. இனி அது கழன்றும் விழாது, சுற்றவும் சுற்றாது. சொல்ல ஒரு குறையும் பாக்கியில்லை.

அப்போது முயல் வந்தது.

மூடுபனியிலிருந்து குதித்து வந்து, ஒரு முட்டைக்கோஸுக்குப் பக்கத்தில் பின்னங்கால்களில் எழுந்து உட்கார்ந்து, ஓர் இலைத் துணுக்கை இரண்டு கையாலும் பிடித்த மாதிரி வைத்துக்கொண்டு மென்றது. காது இரண்டும் வெயிலில் சிவப்பாகத் தெரிந்தன.

"உங்களோடது," என்று நார்ம் காதோடு சொன்னார்.

சடகோபன் நாணை இழுத்தார். விமான நிலையத்தில் கழற்றிக் கொடுத்த கோட்டை நினைத்தார். வாசலைவிட்டு நகராமல் நின்ற மனிதரை, திராட்சை தூவிய தயிர்சாதத்தை நினைத்தார். இதற்கெல்லாம் பதிலாக இந்த ஒன்றைத்தான் அவர் கேட்கிறார். முயல் மென்றுகொண்டே இவர் பக்கம் திரும்பியது. ஆள்காட்டி விரல் விசைமேல் இருந்தது.

'பெருமாளே, உனக்குத்தான் குறி தப்பாது. எனக்குத் தப்ப வை.'

கீத் தும்மினார்.

அப்படி ஒரு தும்மலை அந்தப் பண்ணை கேட்டிருக்காது. சைப்ரஸ் மரங்களிலிருந்து பறவைகள் கூட்டமாக எழும்பின. முயல் இருந்த இடத்தில் முயல் இல்லை. அதிர்ந்த விரல் தட்டி, அம்பு போய், முட்டைக்கோஸ் ஒன்றின் நடுநெஞ்சில் இறங்கியது.

நார்ம் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு, அம்போடு அதைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். "உயிர் இல்லை," என்று அறிவித்தார்.

"மன்னிச்சுடு சாடி," என்றார் கீத். அவர் கண்ணில் நீர் நின்றது. தும்மினதால் இருக்கும்.

"பரவாயில்லை கீத். பரவாயில்லை!" சடகோபன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை சந்தோஷமாக அவர் யாரையும் மன்னித்ததில்லை.

கீத்தும் நார்மும் வளைக்குள் விழுந்த ரிலீஸைக் கம்பியால் துழாவப் போனார்கள். சடகோபன் முட்டைக்கோஸைத் தூக்கிக்கொண்டு கொட்டகைப் பக்கம் வந்தார். வைதேகி முதலில் அம்பைப் பார்த்தாள், பிறகு அது தைத்திருந்த பொருளைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இன்னிக்கு இதைக் கறமது பண்ணிடறேன். ரெண்டு வீட்டுக்கும் காணும்," என்றாள்.

சடகோபனால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கீத்திடம் சொல்ல முடியாததை டோரீனிடமாவது சொல்லிவிட வேண்டும்.

"டோரீன், எனக்கு வேட்டை வராது. ஒரு எறும்பைக்கூட என்னால கொல்ல முடியாது. இத்தனை மாசமும் மணிக்கட்டு, கட்டைவிரல்னு நாளைக் கடத்தினேன். கீத் எங்களுக்குச் செஞ்சதுக்கு என்னால வேற எதுவும் திருப்பிச் செய்ய முடியலை, அதனாலதான் கூடவே வந்தேன். என்னால அவரோட வேட்டையே கெட்டுப்போச்சு. இனிமே நல்ல வேட்டைக்காரங்களோட போகட்டும். அவர் மனசு நோகாம நீங்கதான் சொல்லணும்."

டோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "கீத்தோட வேட்டையா?"

"அந்த மான் தலை..."

"வீடு வாங்கினப்பவே அந்தச் சுவர்ல இருந்தது. பாக்கப் பயந்துக்கிட்டுத்தான் தொப்பி போட்டு மூடறார்." தூரத்தில் வளைக்கருகே குப்புறப் படுத்திருந்த தன் கணவனை அவள் ஒரு நிமிஷம் பார்த்தாள். "உங்க பலகையில ஒட்டியிருக்கிற அந்த வில்லுக்காரப் பெரியவரைப் பார்த்துட்டு வந்த அன்னிக்கு, 'பாவம் சாடி, சொந்தக்காரங்க எல்லாரையும் விட்டுட்டு வந்து, வேட்டைக்குக் கூடப் போக ஒரு துணை இல்லாம இருக்கான்'னு சொல்லித்தான், அவர் தன் வாழ்க்கையிலேயே முதல் வில்லை வாங்கினார்."